எத்தனை பேர் என்பதும் எப்படி வாழ்வது என்பதும்

(பொன்விழாக் கருத்தரங்கில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் கடந்து வந்த பாதையைப் பேசுவது மரபு. அதை நம் மூத்தவர்கள் இன்று காலை மிகச் சிறப்பாகப் பேசிவிட்டார்கள். எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு "குடியேற்றமும் மக்கள்தொகையும்". இது நாடாளுமன்றத்தில் பேச வேண்டிய விஷயமாயிற்றே, நம் சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம்.

வேலை இருக்கிறது. இவ்வாண்டு கல்வி உதவி நிதிக்கு வந்த விண்ணப்பங்களை எங்கள் குழு பரிசீலித்தபோது ஒரு கேள்வி எழுந்தது. "இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கே பணம் போதவில்லை. அண்மையில் வந்த நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டுமா?" என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். "பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நிற்கிறோம். படிப்பென்று வரும்போது மட்டும் பிரிப்பதா?" என்று வேறு சிலர் கேட்டார்கள். இரு தரப்பினரும் நம் சமுதாயத்தின் நலனை நினைத்துத்தான் பேசினார்கள். நாடு முழுவதும் நடக்கும் விவாதம் நம் சங்க அறைக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆகவே முதலில் நாட்டின் கணக்கைப் பார்ப்போம். பிறகு நம் கணக்குக்கு வருவோம்.

ஐம்பது ஆண்டுகளில் நடந்தது

1970ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சிங்கப்பூரில் இருந்தவர்கள் ஏறத்தாழ 2.07 மில்லியன் பேர். 2024 ஜூன் மாதத்தில் அது 6.04 மில்லியன். அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. இவர்களில் குடிமக்கள் 3.64 மில்லியன், நிரந்தரவாசிகள் 0.54 மில்லியன், மற்றவர்கள் 1.86 மில்லியன். வேறு விதமாகச் சொன்னால், இத்தீவில் இருக்கும் பத்துப் பேரில் மூவர் குடிமக்களும் அல்லர், நிரந்தரவாசிகளும் அல்லர். கடலைத் தூர்த்துத் தூர்த்து நிலத்தைப் பெருக்கியும், 1960களில் 580 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு இன்று 730 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டியிருக்கிறது. மக்கள் மூன்று மடங்கானார்கள். நிலம் கால் பங்குதான் கூடியது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு தலைமுறை தன் இடத்தை அடுத்த தலைமுறையால் நிரப்ப வேண்டுமானால், ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 பிள்ளைகள் பிறக்க வேண்டும். சிங்கப்பூரில் அந்த எண்ணிக்கை 1970களின் நடுப்பகுதியில் இந்த அளவுக்குக் கீழே இறங்கியது. அதன் பிறகு ஏறவே இல்லை. 2023இலும் 2024இலும் அது 0.97. நம் சங்கம் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. ஏறத்தாழ அதே ஐம்பது ஆண்டுகளாக இந்த நாடு தன் பிள்ளைகளால் மட்டும் தன்னை நிரப்பிக்கொள்ள முடியாத நாடாக இருந்து வருகிறது.

நம் தாய்மார்களுக்கு 1970கள் நன்றாக நினைவிருக்கும். 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டு, மக்கள்தொகை வாரியம் அமைக்கப்பட்டது. 1972இல் "ஆணோ பெண்ணோ, இரண்டு போதும்" என்ற இயக்கம் வந்தது. மூன்றாவது, நான்காவது பிள்ளை என்றால் பிரசவக் கட்டணம் கூடும். பள்ளியில் இடம் கிடைப்பதில் முன்னுரிமை குறையும். அன்றைய வேலையின்மையையும் வீட்டுப் பற்றாக்குறையையும் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் புரியும். 1987இல் அரசாங்கம் கொள்கையைத் திருப்பியது. வசதி இருந்தால் மூன்று அல்லது அதற்கு மேலும் பெறலாம் என்றது. 2001இல் குழந்தை போனஸ் திட்டம் வந்தது. ஆனால் பிறப்பு திரும்பி ஏறவில்லை. பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், திருமணம் தள்ளிப்போனது, பிள்ளை வளர்க்கும் செலவும் கூடியது. நம் வீடுகளிலேயே பாருங்கள். ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்த வீட்டின் பேரப்பிள்ளைகள் இன்று ஒன்றோ இரண்டோ போதும் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

நாம் வந்த கதை

குடியேற்றம் பற்றிப் பேசும்போது நாம் எங்கிருந்து பேசுகிறோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1822இல் வரையப்பட்ட நகரத் திட்டத்திலேயே சூலியா கம்போங் என்று நம்மவர்களுக்கு இடம் குறிக்கப்பட்டது. 1826இல் சூலியா ஜாமிஆ பள்ளிவாசல் தொடங்கப்பட்டது. 1828க்கும் 1830க்கும் இடையே நாகூர் தர்கா கட்டப்பட்டது. பின்னர் கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்தவர்கள் தஞ்சோங் பகார் பகுதியில் குடியிருந்து துறைமுகத்தில் உழைத்தார்கள். அவர்களில் பலர் குடும்பத்தோடு வந்தவர்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பச் செலவுக்குத் தோள் கொடுத்தார்கள். அந்தச் சமூகம் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது.

ஆனால் வாசல் எப்போதும் திறந்தே இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1930களின் தொடக்கத்தில் பொருளாதார மந்தம் வந்தபோது, மலாயாவில் வேலை இழந்த இந்தியத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிதாக வருவோருக்கு வாசலை வெகுவாகக் குறுக்கியது. மனைவி மக்களை வரவழைப்பதற்கும் பின்னர் நிபந்தனைகள் கூடின. கணவர் இங்கே கடையிலும், மனைவி மக்கள் ஊரிலுமாக வாழ்ந்து முடித்தவர்கள் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர். வாசல் திறந்தபோது உள்ளே வந்தவர்களும், மூடியபோது வெளியே நின்றவர்களும் நம் உறவுகளே.

இதிலிருந்து, "நாமும் வந்தவர்கள்தானே, ஆகவே யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும்" என்று சொல்லிவிட முடியாது. வெள்ளைக்காரன் காலத்துத் துறைமுகம் வந்தவர்களுக்கு வீடு கட்டித் தரவில்லை. பள்ளியும் மருத்துவமும் தரக் கடமைப்படவில்லை. வேலைக்கு வேண்டுமானால் அழைத்தான், வேண்டாமென்றால் அனுப்பினான். அது பெருமைப்பட வேண்டிய முறையன்று. இன்று நாடு நமது. உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் இங்கே படுக்க இடம், பயணம் செய்ய ரயில், நோய் வந்தால் மருத்துவமனைப் படுக்கை வேண்டும். அவற்றைக் கணக்கிடாமல் ஆட்களை மட்டும் கணக்கிடுவது நியாயமாகாது.

2013ஆம் ஆண்டு விவாதம்

இதைத்தான் 2013இல் மக்கள் கேட்டார்கள். அதற்கு முந்திய நிலையை நினைத்துப் பாருங்கள். 2005இல் 4.27 மில்லியனாக இருந்த மக்கள்தொகை 2010இல் 5.08 மில்லியன் ஆயிற்று. ஐந்தே ஆண்டுகளில் 800,000 பேர் கூடினார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் விற்காத வீடுகள் குவிந்து கிடந்ததால் வீவக புதிய வீடுகள் கட்டுவதை வெகுவாகக் குறைத்திருந்தது. ஆட்கள் வேகமாக வந்தார்கள். வீடுகள் மெதுவாக வந்தன. மறுவிற்பனை வீட்டு விலை ஏறியது. ரயிலில் ஏற இடமில்லை. 2011 டிசம்பரில் ரயில் சேவை பெரிய அளவில் தடைப்பட்டது. அதே ஆண்டு மே மாதப் பொதுத்தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு 60.1 விழுக்காட்டுக்கு இறங்கியது. அல்ஜூனிட் குழுத்தொகுதி எதிர்க்கட்சியின் கைக்குப் போனது.

இந்தச் சூழலில் 2013 ஜனவரி இறுதியில் அரசாங்கம் மக்கள்தொகை வெள்ளையறிக்கையை வெளியிட்டது. 2030இல் மக்கள்தொகை 6.5 மில்லியனுக்கும் 6.9 மில்லியனுக்கும் இடையில் இருக்கலாம் என்று திட்டமிடுவதாக அது கூறியது. ஆண்டுக்கு 15,000 முதல் 25,000 பேர் வரை புதிய குடிமக்களாகச் சேர்க்கப்படுவர் என்றும் கூறியது. அறிக்கையில் பக்கம் பக்கமாக விளக்கம் இருந்தும், மக்கள் மனத்தில் நின்றது 6.9 என்ற ஒரே எண்தான். நாடாளுமன்றத்தில் ஐந்து நாள் விவாதம் நடந்தது. அந்த எண் இலக்கு அன்று, கட்டமைப்பைத் திட்டமிடுவதற்கான அளவு மட்டுமே என்று தீர்மானம் திருத்தப்பட்டு நிறைவேறியது. பிப்ரவரி 16ஆம் தேதி ஹாங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

அரசாங்கத்தின் வாதத்திலும் உண்மை இருந்தது. போருக்குப் பின் பிறந்த தலைமுறையில் 900,000க்கும் மேற்பட்டோர் 2030க்குள் ஓய்வு பெறும் வயதை எட்டுவார்கள். 2012இல் மூத்தவர் ஒருவருக்கு வேலை செய்யும் வயதில் 5.9 குடிமக்கள் இருந்தார்கள். 2030இல் அது 2.1 ஆகக் குறையும் என்று அறிக்கை கணித்தது. பூங்காவில் நின்றவர்களின் வாதத்திலும் உண்மை இருந்தது. அவர்கள் எல்லாரும் அந்நியரை வெறுத்தவர்கள் என்று சொல்வது அநியாயம். பலர் கேட்டது ஒன்றே: எங்களுக்கு வீடும் வேலையும் உறுதியான பின் ஆட்களைக் கூட்டக் கூடாதா?

அந்தக் குரலுக்கு ஓரளவு பதிலும் கிடைத்தது. வெளிநாட்டு ஊழியர் விகிதம் இறுக்கப்பட்டது. வீடுகள் கூடுதலாகக் கட்டப்பட்டன. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் மக்கள்தொகை வளர்ச்சி ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காட்டளவுக்குத் தணிந்தது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் எனும் வேலை அனுமதிக்கு 2023 முதல் புள்ளி முறை வந்தது. பணியிடத்தில் நாட்டினம், இனம், சமயம் பார்த்து ஒதுக்குவதைத் தடுக்கும் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மக்கள் பேசினால் கொள்கை திரும்பும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

தாங்கும் அளவு என்பது எது?

"நீடித்து நிலைக்கும் வளர்ச்சி" என்ற சொல்லை எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். எங்கள் குழுவுக்குப் புரிந்த அளவில் அதன் பொருள் ஓர் எண்ணில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. வேலை அனுமதி சில வாரங்களில் கிடைத்துவிடும். ஒரு வீவக வீடு கட்ட மூன்று, நான்கு ஆண்டுகள் வேண்டும். ஒரு ரயில் பாதைக்குப் பத்தாண்டுகள் வேண்டும். இன்று பிறக்கும் குழந்தை வேலைக்குப் போக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இவை ஒன்றோடொன்று ஒத்துப் போகாதபோதுதான் மக்களிடையே கசப்பு வருகிறது.

ஆட்களைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பவர்கள் 2021ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். நோய்த்தொற்றுக் காலத்தில் வெளிநாட்டவர் பலர் திரும்பிப் போனார்கள், மக்கள்தொகை 5.45 மில்லியனாகக் குறைந்தது. வீடுகளுக்கு நெருக்கடி குறைந்ததா? கட்டுமானத் தளங்களில் ஆளில்லாமல் புதிய வீடுகள் தாமதமாயின. சாவி கிடைக்காமல் திருமணத்தைத் தள்ளி வைத்த இளம் ஜோடிகளை நம் சமுதாயத்திலேயே பார்த்தோம். வாடகையும் மறுவிற்பனை விலையும் ஏறின.

அதே போல, ஆட்களைக் கூட்டிக்கொண்டே போனால் மூப்புப் பிரச்சினை தீரும் என்பதும் பாதி உண்மையே. இங்கே நிலைத்துக் குடியேறுகிறவர்களுக்கும் வயதாகும். அவர்களைத் தாங்க இன்னும் அதிகம் பேர் வேண்டியிருக்கும். குடியேற்றம் மூப்பைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. ஆகவே மூத்தவர்கள் முடிந்தவரை உடல்நலத்தோடும் வேலையோடும் இருப்பதும், இளையவர்கள் பிள்ளை பெற்று வளர்க்கத் தோதான வேலை நேரம் அமைவதும் இதே கணக்கைச் சேர்ந்தவையே.

நம்மிடையே மூன்று வாசல்கள்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இன்று சிங்கப்பூரின் தமிழ் முஸ்லிம்கள் என்றால் மூன்று வாசல்கள் வழியாக வந்தவர்கள் இருக்கிறார்கள். முதல் வாசலில் வந்தவர்கள் இங்கேயே இரண்டு, மூன்று தலைமுறை கண்ட குடும்பத்தினர். இரண்டாம் வாசல் வழியாகப் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் வந்து நிரந்தரவாசிகளாகவும் புதிய குடிமக்களாகவும் ஆனவர்கள் வந்தார்கள். மூன்றாவது, வேலை அனுமதியில் வந்து தங்குவிடுதிகளில் இருப்பவர்கள்.

முதல் வாசலார் சொல்வது: "எங்கள் பையன் இரண்டாண்டு தேசிய சேவை செய்துவிட்டு வருகிறான். அதற்குள் அதே வேலையில் இன்னொருவர் அனுபவம் சேர்த்துவிடுகிறார்." இது நியாயமான ஆதங்கம். இரண்டாம் வாசலார் சொல்வது: "பத்தாண்டாக இங்கே வரி கட்டுகிறோம். எங்கள் பையனும் தேசிய சேவைக்குப் போகிறான். இன்னும் எந்த ஊர், எப்போது வந்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள்." இதுவும் நியாயமான ஆதங்கம். மூன்றாம் வாசலார் இதில் எதுவும் சொல்வதில்லை. அவர்கள் சொல்வதற்கு மேடையும் இல்லை. வேலை அனுமதியில் இருப்பவர் மனைவி மக்களை அழைத்து வர முடியாது. இங்குள்ள ஒருவரை மணக்க வேண்டுமானால் மனிதவள அமைச்சின் ஒப்புதல் வேண்டும். 2020இல் நோய்த்தொற்று பரவியபோது, இந்நாட்டில் பதிவான தொற்றுகளில் பெரும்பகுதி அவர்களுடைய விடுதிகளில்தான் இருந்தது. நெருக்கமாகத் தங்க வைத்ததன் விலையை அவர்களே கொடுத்தார்கள். எத்தனை பேர் வரலாம் என்று பேசும்போது, வந்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை விட்டுவிட்டால் அது அரைக் கணக்கு.

நம் முன்னோரிடமும் இந்தப் பிரிவுகள் இருந்தன. அத்தா என்று கூப்பிடும் ஊர், வாப்பா என்று கூப்பிடும் ஊர் என்று பார்த்தார்கள். ஊருக்கு ஒரு சங்கம் வைத்தார்கள். ஊருக்குள்ளேயே சம்பந்தம் செய்தார்கள். இன்று நம் பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடே தெரிவதில்லை. ஒரே பள்ளியில் படித்ததும், ஒரே புளோக்கில் குடியிருந்ததும், நோன்புக் கஞ்சிக்கு ஒரே வரிசையில் நின்றதும் அதைச் செய்தன. காலம் தானாக எதையும் செய்யாது, பழக்கம்தான் செய்யும்.

மதீனாவின் பாடம்

ஹிஜ்ரத்தின் வரலாற்றை நாம் எல்லாரும் அறிவோம். மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களையும் மதீனாவின் அன்ஸார்களையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். அன்ஸாரியான ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். முஹாஜிரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அவருக்கு பரகத் வேண்டி துஆ செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கி, பின்னாளில் அள்ளி வழங்கும் செல்வந்தரானார்கள்.

இந்த வரலாற்றில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. இருப்பவர் தம் கையைத் திறந்தார். வந்தவர் உரிமை என்று கை நீட்டவில்லை. உழைக்க வழி கேட்டார். பிறகு தாமும் கொடுப்பவரானார். இந்த இருவரும் சேர்ந்தால்தான் அது சகோதரத்துவம்.

கல்வி நிதிக்கு எங்கள் பரிந்துரை

இனி, தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருகிறோம். குடிமக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டமும் எடுசேவ் கணக்கும் இருக்கின்றன. நிரந்தரவாசியின் பிள்ளைக்கு அவை இல்லை. தொடக்கப்பள்ளியிலேயே மாதம் இருநூறு வெள்ளிக்கு மேல் கட்டணம் கட்ட வேண்டும். நல்ல சம்பளத்தில் இருப்பவருக்கு அது பாரமன்று. வேலை இழந்த குடும்பத்துக்கு அது பெரும் பாரம். மறுபுறம், நம் நிதியைச் சேர்த்தவர்கள் இங்குள்ள ஏழைப் பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்று கடைக்குக் கடை நடந்து சேர்த்தவர்கள். அந்த நிதியைத் திடீரென எல்லாருக்கும் பகிர்ந்தால், இன்று பெறுகிற பிள்ளைக்குக் குறைந்துவிடும். நாடு 2005க்கும் 2010க்கும் இடையில் பட்ட பாட்டை நாம் சிறிய அளவில் படுவோம்.

ஆகவே எங்கள் குழு மூன்று பரிந்துரைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறது.

முதலாவது, துணைப்பாட வகுப்பும் திருக்குர்ஆன் வகுப்பும் இன்றிலிருந்தே இங்கு வாழும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கட்டும். வகுப்பில் இன்னொரு நாற்காலி போடுவதற்குப் பெரிய செலவில்லை. அட்டையின் நிறத்தை யாரும் கேட்க வேண்டாம்.

இரண்டாவது, இப்போதுள்ள நிதி இப்போதுள்ள விதிப்படியே தொடரட்டும். அதோடு பொன்விழா நிதி என்று புதிதாக ஒன்றைத் தொடங்குவோம். அது குடும்பத்தின் தலா வருமானத்தை மட்டும் பார்க்கட்டும். வந்த ஆண்டைப் பார்க்க வேண்டாம். அந்த நிதிக்கு முதல் நன்கொடையாளர்களாக நம்மிடையே உள்ள நிரந்தரவாசிகளும் புதிய குடிமக்களும் முன்வர வேண்டும் என்று உரிமையோடு அழைக்கிறோம். நிதி வளர வளரப் பயனாளர்களைக் கூட்டுவோம். விருந்துக்கு அழைக்கும் முன் சோற்றை உலை வைப்பதுதானே முறை.

மூன்றாவது, தங்குவிடுதிச் சகோதரர்களுக்கு நோன்பு மாதத்தில் மட்டும் பொட்டலம் கொடுப்பதோடு நிறுத்தாமல், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க அறையை அவர்களுக்குத் திறந்து வைப்போம். ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க, சம்பளத் தகராறு என்றால் எங்கே போக வேண்டும் என்று சொல்ல, ஆங்கிலமும் மலாயும் நாலு வார்த்தை கற்றுக்கொடுக்க நம் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

புதிதாக வந்த குடும்பங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். மலாய் கற்றுக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டாரின் திருமணத்துக்கும் மரணத்துக்கும் போங்கள், குடியிருப்பாளர் குழுவில் சேருங்கள். உங்கள் பிள்ளைகள் தேசிய சேவை செய்வதை இங்குள்ளவர்களிடம் பெருமையாகச் சொல்லுங்கள். வெறும் வேலையிடமாக இந்த ஊரைப் பார்த்தால், ஊரும் உங்களை வெறும் வேலையாளாகத்தான் பார்க்கும்.

பெரியோர்களே, சகோதர சகோதரிகளே, இந்தத் தீவில் எத்தனை பேர் வாழலாம் என்பதை நம் சங்கம் தீர்மானிக்கப் போவதில்லை. அதற்கு வாக்குச்சீட்டு இருக்கிறது. கருத்துக் கேட்புக் கூட்டங்கள் இருக்கின்றன. அங்கே நாம் தயங்காமல் பேச வேண்டும். வேகம் அளவோடு இருக்கட்டும் என்றும், வந்தவர்களைக் கண்ணியமாக நடத்துங்கள் என்றும் ஒரே மூச்சில் சொல்வதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஆனால் நம் கூரையின் கீழ் யாருக்கு இடம் உண்டு என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம். இந்தப் பரிந்துரைகள் அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வருகின்றன. படித்துப் பாருங்கள், வீட்டில் பிள்ளைகளோடு பேசுங்கள், மறுப்பு இருந்தால் வந்து சொல்லுங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் நாட்டையும் நம் சமுதாயத்தையும் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.